வரிசையில் உட்கார்ந்தவரைத் தாண்டக் கூடாது

பிப்ரவரி 6, செவ்வாய்

விடியும் முன்பே கரும்பு லாரி ஒன்று கடை வாசலில் வந்து நின்றது. உள்பக்க டயரில் பஞ்சர். டிரைவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வீட்டுல ஆம்பளை யாரும் இல்லையா?" என்று கேட்டான். இருக்கான், படுத்திருக்கான், உனக்கு டயர் மாட்டணுமா ஆம்பளை வேணுமா என்றேன். ஜாக்கி ஏற்றி, வெளிச் சக்கரத்தைக் கழற்றி, உள்ளே இருந்ததை உருட்டி எடுத்து, டியூபை ஒட்டிக் காற்றடித்து மாட்டினேன். போகும்போது அக்கா என்று கூப்பிட்டான்.

படுத்திருந்தது என் வீட்டுக்காரன் எலிஹியோ. போன வியாழக்கிழமைதான் முதல் தடவையாகக் கீமோ ஏற்றினார்கள். கழுத்தில் எலுமிச்சை அளவுக்கு ஒரு கட்டி; கிறிஸ்துமஸுக்கு முன்னால் சளிக்கட்டி என்றார்கள், பிறகு புற்றுநோய் என்றார்கள். மொத்தம் ஆறு தடவை ஏற்ற வேண்டும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை தலைநகர் அசுன்சியோனுக்கு பஸ்ஸில் போய் வர வேண்டும். ஆறையும் முடித்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு, நடுவில் நிறுத்தினால் திரும்ப வரும், வந்தால் இன்னும் மூர்க்கமாக வரும் என்று டாக்டரம்மா சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். அப்படிப் பேசுகிறவர்களைத்தான் எனக்குப் பிடிக்கும்.

ஆறு தானே. ஏற்றிவிடுவோம்.

பிப்ரவரி 9, வெள்ளி

இன்று பெரிய பஞ்சாயத்து. எங்கள் கடைக்கு வருகிறவர்கள் பாதிப் பேர் பஞ்சருக்கு வருவதில்லை, மாமரத்தடியில் வட்டமாகக் கூடிக் குடிக்கும் தெரேரேவுக்குத்தான் வருகிறார்கள். ஐஸ் தண்ணீர் ஜாடி, இலைத்தூள் போட்ட கொம்புக் குவளை ஒன்று, உறிஞ்சுகுழல் ஒன்று. எத்தனை பேர் உட்கார்ந்தாலும் அந்த ஒரே குழல்தான். எலிஹியோவின் தங்கை பாப்லா ஊற்றுவாள், வட்டத்தில் சின்னவள்தான் ஊற்ற வேண்டும் என்பதால். ஒருவர் உறிஞ்சி முடித்துத் திருப்பிக் கொடுத்ததும் மறுபடி ஊற்றி அடுத்தவருக்குக் கொடுப்பாள். யாராவது "நன்றி" என்று சொன்னால் போதும் என்று அர்த்தம். அப்புறம்தான் அவரை விட்டுவிட்டு அடுத்தவருக்குப் போகலாம்.

ஊர் வாயெல்லாம் பட்ட குழலில் எலிஹியோ வாய் வைக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். உடம்பில் வெள்ளை அணு இறங்கும் நாட்களில் சின்னக் கிருமிகூட ஆளைச் சாய்த்துவிடுமாம். அதனால் அவனுக்கென்று தனிக் கொம்பும் தனிக் குழலும் வாங்கி வந்தேன். பார்த்தான். "தனிக் கொம்போட உக்கார்றவன் ஒண்ணு போலீஸ்காரன், இல்லைன்னா பொண்டாட்டி செத்தவன்," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். பொண்டாட்டி உயிரோடதான் இருக்கா, குடி என்றேன். இரண்டு வாய் உறிஞ்சிவிட்டு உள்ளே போய்விட்டான்.

பிப்ரவரி 23, வெள்ளி

இரண்டாவது முடிந்தது. பஸ்ஸிலேயே வாந்தி. மடியில் வாளியை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்து வந்தேன். இறங்கியதும் அவனைப் படுக்கவைத்து, துணி துவைத்து, மரவள்ளிக் கஞ்சி வைத்து, நடுவில் ஒரு மோட்டார் சைக்கிள் டியூபும் ஒட்டினேன்.

பாப்லா வந்து, ராத்திரி நான் பக்கத்துல இருக்கேன் அண்ணி, நீங்க கொஞ்சம் கண் அசருங்க என்றாள். வேண்டாம் என்றேன். அவளுக்கு எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னால் எது பின்னால் என்று தெரியுமா? வாந்தி வருவதற்கு முன் அவன் வலது கையை இறுக்கி மூடுவான், அது தெரியுமா? தன் கையே தனக்குதவி. சொல்லிக் கொடுக்கிற நேரத்தில் நானே செய்துவிடுவேன்.

போர்ஃபிரியோ அண்ணனும் வந்தார். மரம் ஏற்றும் லாரி ஓட்டுகிறார், எலிஹியோவின் ஆருயிர் நண்பர். ஏதாவது வேணும்னா சொல்லும்மா என்றார். எல்லாம் இருக்கு என்று சொல்லி அனுப்பினேன்.

மார்ச் 3, சனி

டியூப் வாங்க ஒவியெதோ டவுனுக்குப் போய் மத்தியானம் திரும்பினேன். எலிஹியோ மரத்தடியில் உட்கார்ந்து சத்தமாகக் கதை சொல்லிக்கொண்டிருந்தான். முகத்தில் ஒரு தெளிச்சி. சூப் கேட்டு வாங்கிக் குடித்தான். நல்லாயிட்டு வர்றான்.

மார்ச் 5, திங்கள்

காய்ச்சல். காலையில் தொட்டால் உடம்பு கொதிக்கிறது. போர்ஃபிரியோ அண்ணன் ஏற்றிய மரத்தை இறக்காமலே லாரியைத் திருப்பினார். தலைநகர் வரைக்கும் எலிஹியோவின் தலை என் தோளில். ஆஸ்பத்திரியில் நேரே உள்ளே கொண்டுபோய் இரண்டு கையிலும் ஊசி ஏற்றினார்கள்.

நடுக்கம் கொஞ்சம் அடங்கியதும் சொன்னான் — சனிக்கிழமை நான் இல்லாதபோது வட்டத்தில் உட்கார்ந்து எல்லோருடைய குழலிலும் குடித்திருக்கிறான். ஒரு சுற்று இல்லை, அந்தக் காலை முழுக்க.

வராந்தாவில் நின்று பாப்லாவுக்கு போன் போட்டேன். அவ என்ன சொன்னா தெரியுமா? "வரிசையில உக்காந்திருக்கறவரைத் தாண்டி அடுத்தவருக்கு எப்படி அண்ணி குடுக்கறது? அண்ணன் நன்றின்னு சொல்லவே இல்லையே." அழுதாள். அழட்டும். உங்கண்ணனை நீயே குழி தோண்டி அனுப்பி வெச்சுடுவ, இனிமே என் வாசப்படி மிதிக்காதே என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

அந்தக் குழலால்தான் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்கிறார் டாக்டரம்மா. அணு இறங்கினால் தானாகவே வரலாமாம். எனக்குத் தெரியும் எதனால் வந்தது என்று.

மார்ச் 7, புதன்

நோயாளிக்குத்தான் உள்ளே கட்டில். கூட வந்தவர்களுக்கு ஆஸ்பத்திரி முற்றம். மரத்துக்கு மரம் தூளி கட்டி, தார்ப்பாய் விரித்து, பானை வைத்து ஒரு ஊரே நடக்கிறது. சில பேர் மாதக்கணக்கில் இருக்கிறார்களாம். நான் ஓரமாக ஒரு பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

காலையில் ஒரு பெண் தெரேரே நீட்டினாள். உறிஞ்சாமலே "நன்றி" என்றேன். ஒரு வாய்கூட வைக்காமல் நன்றி சொன்னால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் சொன்னேன். அவள் தோளைக் குலுக்கிக்கொண்டு அடுத்தவருக்குக் கொடுத்தாள். இவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து மூக்கைச் சிந்துவதற்கு நான் வரவில்லை. வந்த வேலை முடிந்ததும் கிளம்பிவிடுவேன்.

மார்ச் 8, வியாழன்

குளித்து மூன்று நாளாகிவிட்டது. குழாயடியில் வரிசை நீளம். குளித்துவிட்டு வந்தால் அந்தத் தெரேரேக்காரி என் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், கையில் மருந்துக் கடைப் பை.

"நர்ஸம்மா வந்து எலிஹியோ வீட்டுக்காரி யாருன்னு கத்துனாங்க. நீ இல்ல. சரி, நான்தான்னு எழுந்து போயிட்டேன். எதிர்க் கடையில ஒரு ஊசி மருந்து வாங்கணும்னாங்க, வாங்கிக் குடுத்துட்டேன். அரை மணி நேரம் உன் புருஷனுக்கு நான்தான் பொண்டாட்டி. கோவிச்சுக்காதே."

யாரைக் கேட்டு போனீங்க என்றேன். குரல் எனக்கே பிடிக்காத மாதிரி வந்தது. அவள் சிரித்தாள். இங்கே எல்லாரும் எல்லாருக்கும் எழுந்து போவாங்க, கூப்பிடும்போது ஆள் இல்லைன்னா மருந்து அடுத்த வேளைக்குத் தள்ளிப் போயிடும் என்றாள்.

பேர் தெயோலிந்தா. ஊர் கொன்செப்சியோன் பக்கம். என் வயதுதான் இருக்கும். ஊசி மருந்துக்கான காசைக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள். அதுவே எனக்கு அவளைப் பிடித்துப்போகப் போதுமானதாக இருந்தது.

மார்ச் 9, வெள்ளி

காய்ச்சல் இறங்குகிறது.

தெயோலிந்தா பார்த்துக்கொள்வது மாமியாரை. வயிற்றில் புற்று. பெற்ற பிள்ளைகள் மூன்று பேரும் எட்டிப் பார்ப்பதில்லை, இவள் புருஷன் உட்பட. "இருபது வருஷமா என் சமையல்ல ஒரு குறை இல்லாம அந்தக் கிழவி சாப்பிட்டதே இல்ல. இப்ப நான் பெட்பேன் வெச்சாத்தான் மூத்திரமே வரும்ங்கறா," என்றாள். நான் சிரித்துவிட்டேன். ஆஸ்பத்திரிக்கு வந்து முதல் சிரிப்பு.

மத்தியானம் அவள் தூளியில் அசந்து தூங்கினாள். நர்ஸ் வந்து அவள் மாமியார் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். எழுப்பலாம் என்று நினைத்தேன். பிறகு நானே எழுந்து போனேன். கிழவி என்னைப் பார்த்து, "நீ யாரு?" என்றாள். உங்க மருமக என்றேன். "அவ இவ்வளவு அழகா இருக்க மாட்டாளே," என்றாள். இதைத் தெயோலிந்தாவிடம் சொன்னதும் கிழவியைத் திட்டித் தீர்த்துவிட்டுக் கொம்பை என்னிடம் நீட்டினாள்.

வாங்கிக் குடித்தேன். நான்கு சுற்று.

மார்ச் 13, செவ்வாய்

வீடு. எலிஹியோ மெலிந்துவிட்டான், ஆனால் நடக்கிறான். மூன்றாவதை ஒரு வாரம் தள்ளி வைத்திருக்கிறார்கள்.

வந்த உடனே ஒரு முடிவெடுத்தேன். இனி இந்த வாசலில் தெரேரே கிடையாது. பெரிய கொம்பையும் ஜாடியையும் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். நாற்காலிகளை அடுக்கி ஷெட்டுக்குள் தள்ளினேன். போர்ஃபிரியோ அண்ணன் வந்து மரத்தடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பஞ்சர்னா ஒட்டித் தர்றேன், மத்தபடி இங்க யாரும் உக்கார வேண்டாம் அண்ணே என்றேன். தொப்பியைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார்.

கடுமையாகத்தான் இருக்கும். இருக்கட்டும். எனக்கு என் ஆள் வேண்டும்.

மார்ச் 22, வியாழன்

மூன்றாவது ஏறியது. பாதி தாண்டிவிட்டோம். பஸ்ஸில் வரும்போது அதைத்தான் சொன்னேன். எலிஹியோ ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மார்ச் 28, பெரிய புதன்

பெரிய வெள்ளிக்காகத் தெரு முழுக்க சிபா ரொட்டி சுடும் வாசனை. வீட்டுக்கு வீடு அடுப்பு எரிகிறது. எங்கள் வீட்டில் எரியவில்லை, எனக்கு நேரமில்லை. வழக்கமாக இந்நேரம் ஆறேழு வீட்டு ரொட்டி எங்கள் மேசையில் குவிந்து கிடக்கும், யார் வீட்டில் பாலாடைக்கட்டி குறைச்சல் என்று எலிஹியோ தீர்ப்பு சொல்லிக்கொண்டிருப்பான். இன்று யாரும் வரவில்லை. தெருவில் நடந்து போனவர்கள்கூட எதிர்ப்பக்கமாகப் போனார்கள்.

எலிஹியோ நாற்காலியைத் தானே இழுத்து வந்து மரத்தடியில் தனியாக உட்கார்ந்தான். தனிக் கொம்பை எடுத்துப் போகவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தான்.

ஏப்ரல் 2, திங்கள்

பன்னிரண்டாம் தேதி நாலாவது. நான் வரல என்கிறான்.

கத்தவில்லை, அழவில்லை. டயர் வேண்டாம் என்று சொல்கிற மாதிரி சொன்னான். "யானை படுத்தா குதிரை மட்டம்னு நீ என்னைத் தூக்கிக்கிட்டு அலையற. எதுக்கு? சுவத்தைப் பாத்துக்கிட்டு இன்னும் ரெண்டு வருஷம் உக்காரவா? போதும் நிமியா."

போதுமாம். யாரைக் கேட்டு போதும்கறான்? நான் வாளி தூக்கினது, பஸ்ஸில நின்னது, தூங்காதது எல்லாம் இவன் போதும்னு சொல்றதுக்கா? தட்டைத் தூக்கிப் போட்டேன். உடைந்தது. நானே பொறுக்கினேன்.

ஆஸ்பத்திரி முற்றத்தில் தெயோலிந்தா போன் நம்பர் கொடுத்திருந்தாள். கூப்பிட்டேன். எல்லாவற்றையும் கொட்டினேன். பாப்லாவைத் துரத்தியதையும் சொன்னேன். கடைசியில் அவள், "அப்ப அங்க உனக்காக எழுந்து போக யாரு இருக்கா?" என்றாள்.

ஷெட்டுக்குள் அடுக்கி வைத்த நாற்காலிகளைப் பார்த்தேன்.

"அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். வாயைத் திறந்து கேளுடி. உன் நாத்தனார் ஒண்ணும் ஊரை விட்டு ஓடிடல."

ஏப்ரல் 3, செவ்வாய்

டாக்டரம்மாவைப் போனில் பிடித்தேன். வர மாட்டேன் என்கிறான், நீங்கள் அதட்டுங்கள் என்றேன். அவர் அதட்டவில்லை. பகலெல்லாம் என்ன செய்கிறார், யாரோடு பேசுகிறார் என்று கேட்டார். யாரும் வருவதில்லை, நீங்கள்தானே வேண்டாம் என்றீர்கள் என்றேன்.

"நான் குழலைத்தானே வேண்டாம்னு சொன்னேன். ஆளை வேண்டாம்னு எப்பம்மா சொன்னேன்?"

பிறகு பொறுமையாகச் சொன்னார்: திறந்த வெளியில் உட்காரலாம், சளி காய்ச்சல் உள்ளவர்கள் வரக் கூடாது, கை கழுவ வேண்டும், அவரவர் குவளை அவரவருக்கு, அவனுக்குக் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர்.

போனை வைத்துவிட்டுப் போய் அலமாரிப் பூட்டைத் திறந்தேன். ஒரு குழலைப் பூட்டுகிறேன் என்று அவன் ஊரையே பூட்டி வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 4, புதன்

பாப்லா வீட்டுக்குப் போனேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையில் இருந்த சட்டையை மார்போடு பிடித்துக்கொண்டாள், அடிக்கத்தான் வந்திருக்கிறேன் என்பது மாதிரி. என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். உங்கண்ணன் நாலாவதுக்கு வர மாட்டேங்கறான், எனக்கு நீ வேணும் என்று மட்டும் சொன்னேன்.

அவள் சட்டையைக் கொடியில் போட்டாள். க்ளிப் மாட்டினாள். "நான் அந்த வார்த்தையை மறக்க மாட்டேன் அண்ணி," என்றாள். மறக்க வேண்டாம் என்றேன். பிறகு இரண்டு பேரும் மிச்சத் துணியைக் காயப்போட்டோம்.

ஏப்ரல் 7, சனி

அவமானம். நான் போட்ட திட்டம் நாறிப்போனது.

நாற்காலி போட்டாயிற்று. அவரவர் கொம்பு, அவரவர் குழல், சோப்பு, வாளித் தண்ணீர் எல்லாம் வைத்தாயிற்று. போர்ஃபிரியோ அண்ணன், பாப்லா, பக்கத்து மரக்கடைக்காரர்கள் இரண்டு பேர், எல்லோரும் சொன்னபடி கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். ஜாடி நடுவில். அவரவர் ஊற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

யாருக்கும் எப்போது குடிப்பது என்று தெரியவில்லை. ஒருவர் பேச ஆரம்பித்தால் இன்னொருவர் உறிஞ்சுகிறார். இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஜாடிக்குக் கை நீட்டி மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறார்கள். கொம்பு நம்மிடம் வரும் வரைக்கும் பேசலாம், வந்தால் குடிக்கலாம் என்றிருந்தால்தான் பேச்சு வருமோ என்னவோ. பஸ் ஸ்டாண்டில் காத்திருக்கிறவர்கள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம். எலிஹியோ தலையைக் குனிந்துகொண்டிருந்தான்.

சீக்கிரமே எல்லோருக்கும் அவசர வேலை வந்துவிட்டது.

ஏப்ரல் 8, ஞாயிறு

மறுபடியும் வரச் சொல்லி பாப்லா எல்லோர் வீட்டுக்கும் நடந்திருக்கிறாள். நான் கேட்கவில்லை, அவளாகவே. வந்தார்கள். அதே பஸ் ஸ்டாண்டு.

போர்ஃபிரியோ அண்ணன் தனக்கு ஊற்றிக்கொண்டார், குடித்தார், உடனே மறுபடியும் ஊற்றிக்கொள்ளப் போனார். எலிஹியோவுக்குப் பொறுக்கவில்லை. "யோவ், உனக்கு இப்பத்தானே ஆச்சு? அடுத்தது பாப்லா. ஜாடியைக் கொடு இங்க," என்று பிடுங்கினான். எழுந்து போய்ச் சோப்பு போட்டுக் கை கழுவி வந்தான். பாப்லாவின் கொம்பில் ஊற்றினான். அவள் குடித்து முடிக்கும் வரை ஜாடியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். பிறகு மரக்கடைக்காரர்கள். பிறகு என் கொம்பு. கடைசியில் தன்னுடையதில், எனக்கென்று கொதிக்கவைத்ததை எடு என்று வாங்கி ஊற்றிக்கொண்டான்.

ஐம்பத்தாறு வயது ஆள் ஊற்றுவதை இந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. போர்ஃபிரியோ அண்ணன் விடுவாரா? "மாப்ள, வட்டத்துல நீதான் கடைக்குட்டி போல இருக்கே. தலையிலயும் முடி இல்ல, இப்பத்தான் பொறந்திருக்க." எலிஹியோ, வாயை மூடிட்டுக் குடி, இல்லைன்னா வரிசையில உன்னைத் தாண்டிடுவேன் என்றான். அப்படி ஒரு சிரிப்பு. இரண்டாவது சுற்றில் பேச்சு தானாக வந்தது. மத்தியானம் வரைக்கும் ஒருவரும் நன்றி சொல்லவில்லை.

ஏப்ரல் 10, செவ்வாய்

நான் வாய் திறக்கவில்லை. திறந்தால் கெட்டுவிடும் என்று பயம். நாளை மறுநாள் நாலாவது. அவன் பையை எடுத்து வைக்கலாமா கூடாதா என்று காலையிலிருந்து தவிப்பு.

வட்டம் கலையும்போது ஜாடியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு எலிஹியோ சொன்னான்: "வியாழக்கிழமை நான் இருக்க மாட்டேன், ஆஸ்பத்திரி. அப்புறம் ரெண்டு நாள் படுத்துடுவேன். பாப்லா ஊத்தட்டும். ஆனா யாரும் வரிசை மாறி உக்காராதீங்க, எனக்கு மறந்துடும்."

கம்ப்ரசரை ஓடவிட்டு அந்தச் சத்தத்தில் அழுதேன். யாருக்கும் கேட்டிருக்காது.

ஏப்ரல் 12, வியாழன்

நாலாவது.

ஏப்ரல் 25, புதன்

தெயோலிந்தாவின் மாமியார் போய்விட்டாள். கடைசி வார்த்தையும் குறைதானாம், தலையணை சரியில்லை என்று. சொல்லிச் சொல்லிச் சிரித்தவள் சிரிப்பு நடுவிலேயே ஓவென்று அழுதுவிட்டாள். போனைக் காதில் வைத்துக்கொண்டு கூடவே இருந்தேன்.

மே 4, வெள்ளி

ஐந்தாவது நேற்று முடிந்தது. இந்த முறை கடினம். வாயெல்லாம் புண், தண்ணீர்கூட எரிகிறதாம். ஊசி ஏறும்போது முற்றத்தில் தெயோலிந்தா இருந்த மரத்தடியில் வேறு ஒரு பெண் தூளி கட்டியிருந்தாள். புதுசு போல, பையை மடியில் இறுக்கிக்கொண்டிருந்தாள். உள்ளே படுத்திருக்கும் அவளுடைய அப்பா பேரைக் கேட்டு வைத்துக்கொண்டேன். நர்ஸ் கூப்பிட்டால் யாராவது எழுந்து போக வேண்டுமே.

மே 15, செவ்வாய்

சுதந்திர தினம். தெருவில் கொடி. கடையை மூடியிருக்க வேண்டும், மூடவில்லை.

ஒரு மாட்டு லாரியின் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். ஐந்தாவதுக்குப் பிறகு சரியாகத் தூக்கம் இல்லை. கம்ப்ரசர் சத்தம் ஒரே சீராக ஓடியது, எனக்குக் கண் சொருகியிருக்கிறது. எவ்வளவு ஏறியது என்று தெரியாது. வெடித்தது. சக்கரத்தின் இரும்பு வளையம் தெறித்து ஷெட் தகரத்தைக் கிழித்துக்கொண்டு போயிற்று. நான் உட்கார்ந்திருந்த பக்கம் வந்திருந்தால் இதை எழுத ஆள் இருந்திருக்காது.

எலிஹியோ உள்ளேயிருந்து செருப்பில்லாமல் ஓடிவந்தான். இரண்டு எட்டு வைத்தால் மூச்சு வாங்குகிறவன். வந்து என் தலை, கை, கால் எல்லாம் தடவிப் பார்த்தான். ஒன்றும் இல்லை ஒன்றும் இல்லை என்கிறேன், காதே கேட்காதவன் மாதிரி தடவுகிறான்.

பிறகு திட்டினான் பாரு. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அப்படித் திட்டியதில்லை. "என்னைக் காப்பாத்திட்டு நீ போயிட்டா, நான் யாருக்கு ஊத்தறது? ஆறாவதுக்கு நீ வர வேண்டாம். பாப்லாவோட போறேன்."

மே 16, புதன்

முடியவே முடியாது என்றேன். காலையிலிருந்து வாதம். கடைசித் தடவை, நான் இல்லாமலா? பாப்லா ஆஸ்பத்திரிக்குள் போனதே இல்லை. ரத்தப் பரிசோதனை எந்த ஜன்னல், வாளியை எப்போது நீட்டுவது, புண்ணுக்கு எந்த மருந்து, ஒன்றும் தெரியாது. எல்லாம் எனக்குத்தான் தெரியும்.

என்று கத்திக்கொண்டிருக்கும்போதே எனக்கு உறைத்தது. அவளுக்கு ஏன் தெரியாது? நான் சொல்லவில்லை.

சாயங்காலம் பாப்லாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். வலது கையை இறுக்கி மூடினால் வாளி நீட்டு என்பதிலிருந்து ஆரம்பித்தேன். எல்லாவற்றையும் கேட்டுத் திருப்பிச் சொன்னாள். ஒன்றைக்கூடத் தப்பாகச் சொல்லவில்லை. கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது எனக்கு.

"அண்ணி, அண்ணன் வேணாம்னு அடம் புடிச்சா?" என்றாள் கடைசியில்.

அவன் சொல்றதைக் கேட்காதே, ஊசி ஏறி முடியற வரைக்கும் விடாதே என்றேன். தலையாட்டினாள். வரிசையில் உட்கார்ந்த அண்ணனைத் தாண்டத் தெரியாதவள். அவளோடுதான் அனுப்புகிறேன்.

மே 24, வியாழன்

விடிகாலை பஸ். ஏற்றிவிட்டு வந்தேன். எலிஹியோ ஜன்னலில் இருந்து கையாட்டினான், பாப்லா வாளியைத் தூக்கிக் காட்டினாள்.

நாள் முழுக்க வேலை ஓடவில்லை. போர்ஃபிரியோ அண்ணன் தன் லாரியை ஓரங்கட்டிவிட்டுக் கடையில் உட்கார்ந்துகொண்டார். பஞ்சர் ஒட்டத் தெரியாது, வந்தவர்களிடம் கதை பேசி நிறுத்தி வைத்தார். அவர் முறுக்கிய நட்டையெல்லாம் நான் மறுபடி முறுக்க வேண்டியிருந்தது.

மூன்று மணி இருக்கும், பாப்லாவிடமிருந்து போன். நடுவில் ஒரு தடவை ஊசியைப் பிடுங்கப் பார்த்தானாம். புண் வலி தாங்கவில்லையாம், போதும், நன்றி என்றானாம்.

"நான் காது கேக்காத மாதிரி உக்காந்துட்டேன் அண்ணி. கையைப் புடிச்சுக்கிட்டேன். கடைசிச் சொட்டு வரைக்கும் ஏறிடுச்சு."

ஆறும் முடிந்தது. ஜூலையில் ஸ்கேன். அதில் என்ன வந்தாலும் பார்த்துக்கொள்வோம். "பார்த்துக்கொள்வேன்" என்றுதான் எழுத வந்தேன், பார்த்துக்கொள்வோம் என்று எழுதியிருக்கிறேன்.

மே 26, சனி

வியாழன் ராத்திரி அங்கேயே தங்கிவிட்டு நேற்று மாலை அவர்கள் வந்து சேர்ந்தார்கள். எலிஹியோவைப் படுக்கவைத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் சும்மா சாய்ந்தேன். கண் விழித்தபோது ஜன்னலில் நல்ல வெயில். பக்கத்தில் அவன் இல்லை.

பதறி எழுந்து உட்கார்ந்தேன். வாசலில் பேச்சு கேட்டது. கை கழுவினியா அண்ணா என்று பாப்லா அதட்டுகிறாள். கழுவிட்டேன், மோந்து வேணா பாரு என்கிறான். புண்ணுக்கு மருந்து போட்டியா என்கிறாள். அதுவும் ஆச்சாம். போர்ஃபிரியோ அண்ணன் யாரிடமோ, சத்தம் போடாதீங்க, அந்தம்மா தூங்கறாங்க என்று எங்கள் தெருவே கேட்கும்படி சொல்கிறார். ஒரு லாரி வந்து ஹாரன் அடித்தது. யாரோ எழுந்து போனார்கள்.

எப்படியும் டயரைத் தப்பாகத்தான் கழற்றுவார்கள். போய்ப் பார்க்க வேண்டும் என்று காலைத் தரையில் வைத்தேன். தரை சில்லென்றிருந்தது. காலை உள்ளே இழுத்துக்கொண்டு, திரும்பிப் படுத்து, இன்னும் கொஞ்ச நேரம் தூங்கினேன்.